மருத்துவமனை வளாகத்தில் விழுந்து அடிபட்டால்: சிங்கப்பூரில் இழப்பீடு கேட்பது எப்படி?

வைத்தியம் பார்க்கப் போன இடத்திலேயே வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டால் யாரிடம் போய் நிற்பது? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ‘நம்ம நேரம் சரியில்லை’ என்று எம்சியை (மருத்துவ விடுப்புச் சான்றிதழை) வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இல்லையென்றால், கட்டுப்போட்ட கையோடு அன்றைக்கே ‘கேஸ் போட்டு ஒரு வழி பண்ணிடுறேன்’ என்று கிளம்பிவிடுகிறார்கள். முதல் வகை ஆட்கள் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைக் கேட்பதே இல்லை. இரண்டாவது வகை ஆட்களிடம் கோபம் நிறைய இருக்கும், ஒரு புகைப்படம்கூட இருக்காது.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பில் தொண்டூழியராகக் கடிதம் எழுதிக் கொடுக்கும்போது இந்த இரண்டு வகையினரையும் பார்க்கிறேன். நீங்கள் விழுந்தீர்கள் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை, அவசர சிகிச்சைப் பிரிவின் சீட்டே அதற்குப் போதும். ஏன் விழுந்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஒரு துப்புரவு ஊழியர் பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் வேலை அது.

இது எந்த வகைக் காயம்?

ஒரே வளாகத்தில் நடந்தாலும் எல்லாக் காயத்துக்கும் ஒரே வழி இல்லை. ஈரத் தரை, பெயர்ந்த ஓடு, சட்டென்று மூடிய தானியங்கிக் கதவு, கால் உடைந்த நாற்காலி, கைப்பிடி இல்லாத சாய்தளம் ஆகியவையெல்லாம் இடத்தின் பராமரிப்புக் குறைகள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவற்றைப் பற்றியதுதான். தவறான மருந்து, அறுவை சிகிச்சையில் பிழை போன்றவை மருத்துவ அலட்சியம் என்ற தனிப் பாதையில் போகும். அதற்கு வேறொரு மருத்துவ நிபுணரின் கருத்து இல்லாமல் நகரவே முடியாது. சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது மருத்துவர்களின் நடத்தையை விசாரிக்கும் இடம். லிஃப்ட் வாசலில் தேங்கிய தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வார்டில் படுத்திருக்கும் நோயாளி கட்டிலிலிருந்து விழுவது இரண்டுக்கும் நடுவில் வரும். விழும் அபாயம் உள்ளவர் என்று முன்பே மதிப்பிட்டிருந்தார்களா, கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றியிருந்ததா, அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்பவைதான் அங்கே கேள்விகள். பதில் தாதியர் எழுதிவைக்கும் குறிப்புகளில் இருக்கும். ஆகவே புகைப்படத்தைவிட மருத்துவப் பதிவேட்டின் நகல்தான் அங்கே உங்களுக்கு வேண்டியது.

வாசலில் ஆளை இறக்கிவிடும் இடத்தில் கார் இடித்துவிட்டால் கோரிக்கை வாகனத்தின் காப்புறுதி (இன்சூரன்ஸ்) நிறுவனத்துக்குப் போகும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போலிசில் புகார் செய்யுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்: விழுந்த இடம் யார் கையில் இருக்கிறது? உணவங்காடியை வேறு நிறுவனம் நடத்தலாம், துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் இருக்கலாம். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வரும் கூரையிட்ட நடைபாதை மருத்துவமனையுடையதாகவே இல்லாமல் போகலாம். நீங்களாக ஊகித்து ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம். மருத்துவமனைக்கே எழுதி, அந்த இடத்தைப் பராமரிப்பது யார் என்று கேளுங்கள்.

இடத்தை விட்டு நகரும் முன்

உயிருக்கு ஆபத்தான காயம் என்றால் இதையெல்லாம் மறந்துவிட்டுச் சிகிச்சைக்குப் போங்கள். மற்றபடி, உங்களால் முடியாவிட்டாலும் கூட வந்தவர் கைப்பேசியை எடுக்கட்டும். தண்ணீரோ ஓடோ, குற்றவாளி எதுவோ அதைக் கிட்டத்தில் ஒரு படம். நாலு அடி பின்னால் நின்று இன்னொன்று. பிறகு அந்த இடம் எந்த இடம் என்று தெரியும்படி அறிவிப்புப் பலகை, கவுன்டர் எண், தூண் எல்லாம் சேர்த்து அகலமாக ஒன்று. மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதையும் எடுங்கள். அது தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது பிறகு பேசப்படும். விழுந்த பிறகு யாராவது ஓடிவந்து பலகையை வைத்தால், வைக்கும் அந்தக் காட்சியையே எடுத்துவிடுங்கள்.

போட்டிருந்த செருப்பைத் தூக்கிப் போடாதீர்கள், கழுவாதீர்கள், மறுபடி போடவும் வேண்டாம். ஒரு பையில் கட்டி வைத்துவிடுங்கள். அடிப்பாகம் தேய்ந்த ரப்பர் செருப்பு என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது என்றால் அதையும் உங்கள் வழக்கறிஞர் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

பக்கத்தில் நின்றவர்களிடம் பெயரும் தொடர்பு எண்ணும் கேளுங்கள். இந்த ஊரில் தயங்காமல் கொடுப்பார்கள், ஆனால் வரிசை எண் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள், அதனால் உடனே கேட்க வேண்டும். உதவிக்கு வந்த ஊழியரின் பெயர்ப்பட்டையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பவத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த அறிக்கை மருத்துவமனையின் உள்பயன்பாட்டுக்கானது என்று நகல் தர மறுக்கக்கூடும். அப்போது குறிப்பு எண்ணையும், பதிந்தவர் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தைக் கேட்டால், எழுதியிருப்பதை முழுக்கத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருத்துவரிடம் சொல்லும் வரிசை

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பெரியவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். என் உறவுக்காரச் சித்தி ஒருவர் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஈரத்தில் வழுக்கி விழுந்தார். அவசரப் பிரிவில் என்ன ஆச்சும்மா என்று கேட்டதற்கு, “தலையெல்லாம் சுத்துது டாக்டர், கண்ணு இருட்டிட்டு வருது, கையில உயிர் போற வலி” என்றார். தலைசுற்றல் வந்தது விழுந்த பிறகு. ஆனால் பதிவில் ஏறியது தலைசுற்றலும் விழுந்ததும் மட்டும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பின்னால் வந்த பதில் கடிதம், தலைசுற்றியதால் விழுந்திருக்கலாம் என்று மிகப் பணிவாகச் சொன்னது.

எனவே முதலில் காரணம்: ‘மருந்தகத்தின் முன் தரையில் தண்ணீர் இருந்தது, அதில் வழுக்கி விழுந்தேன்.’ அப்புறம் எந்தப் பக்கமாக விழுந்தீர்கள், எங்கே அடி. அதற்குப் பிறகு தலைசுற்றலைச் சொல்லுங்கள், விழுந்த பின் வந்தது என்று சேர்த்து. கூடவே சிறு வலியையும் விடாமல் சொல்லுங்கள். முழங்கை வலியில் இடுப்பு வலியைச் சொல்ல மறந்து, மூன்று வாரம் கழித்து இடுப்புக்குப் போனால், அது இந்த விபத்தில் வந்ததுதானா என்ற கேள்வி எழும். அதே மருத்துவமனையில் தொடர மனமில்லை என்றால் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) வேறு மருத்துவமனையிலோ காட்டலாம். இடைவெளி மட்டும் விழக்கூடாது.

கேமராப் பதிவும் முதல் கடிதமும்

கண்காணிப்புக் கேமராவில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிக்கொண்டிருக்கும். எத்தனை நாளில் அழியும் என்பது இடத்துக்கு இடம் மாறும். ஆகவே முடிந்தால் அன்றைக்கே, தவறினால் மறுநாள், மின்னஞ்சல் போக வேண்டும்.

கேட்பதற்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, ஒரு நிறுவனம் வைத்திருக்கும் உங்களைப் பற்றிய தகவலைப் பார்க்க நீங்கள் கோரலாம். நீங்கள் தெரியும் கேமராப் பதிவும் அதில் சேரும். முப்பது நாளில் பதில் தர முடியாவிட்டால், எப்போது தர முடியும் என்பதையாவது அந்த முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம், மற்றவர்கள் முகத்தை மறைத்துத் தரலாம். அரசு மருத்துவமனைக்கு இது பொருந்துமா என்று சந்தேகம் வரும். பொருந்தும். இங்குள்ள பொது மருத்துவமனைகள் நிறுவனங்களாக நடத்தப்படுபவை. 2018-இல் நடந்த இணையத் தாக்குதலில் நோயாளிகளின் தகவலைக் காக்கத் தவறியதற்காக, இதே சட்டத்தின்கீழ் 2019-இல் பொது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் விதிக்கப்பட்டது. அதேபோல, மருத்துவமனையின் மீது கோரிக்கை வைப்பது அரசாங்கத்தை எதிர்ப்பது என்று பயப்படவும் வேண்டாம். எந்த நிறுவனத்திடமும் கேட்பது போலத்தான் இது.

கடிதம் நோயாளி தொடர்புப் பிரிவுக்கோ சேவைத்தரப் பிரிவுக்கோ போகும். எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும். உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“இந்தத் தேதியில், காலை சுமார் 10.40 மணிக்கு, தரைத்தள மருந்தகத்தின் மூன்றாம் கவுன்டருக்கு எதிரே தரையில் இருந்த தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். அருகில் எச்சரிக்கைப் பலகை இல்லை. நீல நிறச் சட்டை அணிந்திருந்தேன். உங்கள் ஊழியர் சக்கர நாற்காலியில் என்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்றார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு என்று கண்டறியப்பட்டது. அன்று காலை 10 முதல் 11.30 வரை அந்த இடத்தின் கேமராப் பதிவை அழிக்காமல் பாதுகாத்து, எனக்கு நகல் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்றைய துப்புரவு அட்டவணை, அந்த இடத்தைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர், உங்கள் பொதுப் பொறுப்புக் காப்புறுதி நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றையும் தெரிவிக்கவும். பதினான்கு நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

பத்து மணியிலிருந்து ஏன் கேட்கிறோம்? நீங்கள் விழுந்த அந்த ஒரு நிமிடத்தைவிட, அதற்கு முந்தைய நாற்பது நிமிடம் மதிப்பு வாய்ந்தது. தண்ணீர் எப்போது கொட்டியது, எத்தனை ஊழியர்கள் அதைத் தாண்டிப் போனார்கள் என்பது அதில்தான் தெரியும்.

இந்தக் கடிதத்தில் தொகை எதுவும் எழுதாதீர்கள். ‘நானும் கவனிக்காமல் வந்துவிட்டேன்’ என்று மரியாதைக்காகக்கூடச் சேர்க்காதீர்கள். திட்டவும் வேண்டாம். ஃபேஸ்புக்கில் ஊழியரின் படத்தையும் பெயரையும் போட்டுச் சூடேற்றினால் அவதூறு, தொல்லைத் தடுப்புச் சட்டம் என்று உங்கள் பக்கமே வழக்கு திரும்பலாம்.

நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகவோ சுகாதார அமைச்சுக்கோ எழுதலாமா? எழுதலாம், பதில் வராமல் இழுத்தடித்தால் பதில் வரும். இழப்பீடு வழங்கும் அதிகாரம் இருவருக்கும் இல்லை.

நீதிமன்றம் என்ன கேட்கும்?

ஒரு கட்டடத்தை வைத்திருப்பவரின் பொறுப்பு சிங்கப்பூரில் ஒருகாலத்தில் தனிச் சட்ட விதிகளால் அளக்கப்பட்டது. 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பொதுவான அலட்சியச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் இப்போது நீங்கள் காட்ட வேண்டியவை: உங்கள் பாதுகாப்பில் கவனம் செலுத்தும் கடமை அவர்களுக்கு இருந்தது, நியாயமான கவனம் எடுக்கவில்லை, அதனால்தான் காயம், அந்தக் காயத்தால் இன்னின்ன இழப்பு. முதலாவதும் கடைசியும் சுலபம். இரண்டாவதில்தான் முட்டிக்கொள்வோம். யாரோ ஒருவர் காப்பியைக் கொட்டிய அடுத்த நொடியில் நீங்கள் கால் வைத்திருந்தால் மருத்துவமனையைக் குறை சொல்வது கடினம். அரைமணி நேரமாகக் கிடந்த காப்பி என்றால் கதை வேறு. டிசம்பர் மழையில் வாசல் ஈரமாகும் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும், அதற்கு மிதியடியும் குடைப்பையும் ஏற்பாடு செய்தார்களா என்பது நியாயமான கேள்வி.

உங்கள் பக்கமும் தவறு இருந்தால் (கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தது, பலகையைத் தாண்டிப் போனது) கோரிக்கை விழுந்துவிடாது. உங்கள் பங்குக்கு ஏற்ப தொகை குறையும். ‘ஏற்படும் காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். அலட்சியத்தால் வரும் மரணத்துக்கும் உடல் காயத்துக்குமான பொறுப்பை அப்படி ஒரு பலகையால் தட்டிக்கழிக்க, இங்கே நடப்பிலுள்ள நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

எவ்வளவு கேட்பது?

ரசீது இருப்பவை ஒரு பக்கம்: மருத்துவச் செலவு, டாக்சி, ஊன்றுகோல், பிசியோதெரபி, இழந்த சம்பளம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழிந்ததற்கும் கணக்கு எடுத்து வையுங்கள். சம்பளத்துக்குச் சம்பளச் சீட்டும் மசேநிதி (மத்திய சேமநிதி) அறிக்கையும் போதும், டாக்சி ஓட்டுபவர் என்றால் முந்தைய மாதங்களின் வருமானக் கணக்கும் வருமான வரி மதிப்பீடும் வேண்டும். ரசீது இல்லாத வலி, வேதனை, முன்பு போல் இயங்க முடியாமை ஆகியவை இன்னொரு பக்கம். இவற்றுக்கு முந்தைய தீர்ப்புகளை ஒட்டித் தொகை முடிவாகும், அதற்கு நிபுணரின் மருத்துவ அறிக்கை வேண்டும். கட்டணம் உண்டு, கிடைக்க வாரக்கணக்கில் ஆகும்.

சில சமயம் மருத்துவமனை நல்லெண்ணமாகச் சிகிச்சைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முன்வரும். மணிக்கட்டு சுளுக்குக்கு அது தாராளம், வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதே என் அபிப்பிராயம். எலும்பு முறிவு, தலையில் அடி என்றால், இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம் உள்ள தாளில் காயம் ஆறி முடியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், பிறகு அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் கதவு மூடியதுதான்.

பேச்சு முறிந்தால்

சிறுகோரிக்கைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். அங்கே உடல் காயத்துக்கான கோரிக்கையை விசாரிப்பதில்லை. விழுந்ததில் உடைந்த மூக்குக்கண்ணாடி, காதுக்கருவி போன்ற பொருள்களுக்கு, 20,000 வெள்ளி வரை (இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை), இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். காயத்துக்கும் பெரிய கோரிக்கை வைக்கப் போகிறீர்கள் என்றால் பொருளைத் தனியே பிரித்துக் கேட்காமல் வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.

உடல் காயத்துக்கு 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வரை மாவட்ட நீதிமன்றம். இரண்டும் ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்கள் கட்டடத்தில் இருக்கின்றன. வழக்குப் போடும் முன்பே சமரசமாகத் தீர்க்க முயன்றிருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த நீதிமன்ற விதிகள் எதிர்பார்க்கின்றன, அதனால் நீங்கள் எழுதிய கடிதங்கள் வீண்போகாது. நடைமுறையில் இத்தகைய கோரிக்கைகளில் எதிரே உட்காருவது மருத்துவமனையைவிடக் காப்புறுதி நிறுவனம்தான், பலவும் விசாரணைக்கு முன்பே பேசி முடிகின்றன. சிங்கப்பூர் சமரச மையம் போன்ற இடங்களிலும் பேசலாம்.

வழக்கறிஞர் கட்டணத்தை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஜெயித்தால் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பேச இங்குள்ள வழக்கறிஞருக்கு அனுமதி இல்லை. அப்படிப் பேசிக்கொண்டு மருத்துவமனை வராந்தாவில் அட்டை நீட்டும் இடைத்தரகரைக் கண்டால் விலகிப் போங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் நீங்கள் கட்ட நேரலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசின் சட்ட உதவி அமைப்பான லீகல் எய்ட் பியூரோ இருக்கிறது, வருமானமும் சொத்தும் பார்ப்பார்கள். புரோ போனோ எஸ்ஜி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனையில் கிடைக்கும் நேரம் குறைவு. தேதி வாரியாக ஒரு பக்கக் குறிப்பும் படங்களும் கொண்டுபோனால் அந்த நேரம் பயன்படும், வாயால் கதையை ஆரம்பித்தால் விழுந்த இடத்துக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

கெடு பொதுவாக விபத்து நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். மருத்துவமனையோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் கடிகாரம் நிற்காது.

அடிபட்டவருக்கு மறதி நோய் போன்று முடிவெடுக்க இயலாத நிலை என்றால், மகனோ மகளோ என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட முடியாது. தனக்காக முடிவெடுக்க இன்னாருக்கு அதிகாரம் என்று எழுதிவைக்கும் நீடித்த அதிகாரப் பத்திரம் முன்பே செய்திருக்கிறாரா என்று பாருங்கள், இல்லையென்றால் வழக்கறிஞரிடம் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வந்த பெற்றோர்

மருத்துவமனையில் வேலை செய்யும்போதே அடிபட்டால் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. கோருவது உங்கள் முதலாளி மூலமாக, அதாவது துப்புரவு ஊழியர் என்றால் அந்த ஒப்பந்த நிறுவனம். மனிதவள அமைச்சிடம் ஓராண்டுக்குள் கோரிக்கை போக வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு மருத்துவச் செலவின் உச்சவரம்பு 53,000 வெள்ளி. இந்த வழி, வழக்கு வழி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். முதலாளி அறிக்கை கொடுக்காமல் இழுத்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திடம் போங்கள்.

பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்த இல்லப் பணிப்பெண் விழுந்தால்? இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஆனால் அவர் பெயரில் குறைந்தது 60,000 வெள்ளிக்குத் தனிநபர் விபத்துக் காப்புறுதியை முதலாளி எடுத்திருக்க வேண்டும். அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். மருத்துவமனையின் அலட்சியம் என்றால் அதன்மீது கோரவும் அவருக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு.

பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மாவோ அப்பாவோ அடிபட்டால் அவசரம் இன்னும் அதிகம், விசா முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். லீகல் எய்ட் பியூரோவும் அவர்களுக்குக் கிடையாது. பயணக் காப்புறுதி இருந்தால் அதே வாரத்தில் அறிவித்துவிடுங்கள். விமானம் ஏறுமுன் இங்குள்ள நிபுணரிடம் ஒருமுறை காட்டி அறிக்கைக்கு விண்ணப்பியுங்கள், வழக்கறிஞரை நியமிக்கும் தாளில் அவர்களையே கையெழுத்துப் போட வையுங்கள், நடந்ததை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தேதி போட்டு வாங்கி வையுங்கள். ஊரில் தொடரும் சிகிச்சைக்கும் ரசீதுகள் சேரட்டும். பிறகு சாட்சி சொல்ல வேண்டி வந்தால் வீடியோ வழியாகச் சொல்ல நீதிமன்றத்தின் அனுமதி கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்திலேயே இருக்கிறார்.